இரண்டில் வைத்த ஃபேன்

எங்கள் வீட்டில் எந்த மிஷின் எப்போது படுக்கும் என்று எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பயந்த சுபாவம் உள்ளவளுக்குக் காது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கேலி செய்வார். "அரண்டவ காதுக்கு அசைஞ்சதெல்லாம் பேரிங்கு" என்பார்.

போன வருஷம் வாஷிங் மிஷின் துணி பிழியும்போது, மேடேறும் லாரி மாதிரி இரைய ஆரம்பித்தது. மோர் கடையும் மத்தின் ஒரு முனையை மிஷினின் முதுகில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டேன். சட்டைப் பையில் விட்ட காசு டிரம்முக்குள் உருண்டால் கிணிங் கிணிங் என்று கேட்கும். இது அது இல்லை. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறியது, வேகம் குறைந்ததும் தேய்ந்து அடங்கியது. வெறும் டிரம்மைக் கையால் சுற்றியபோது மணலில் சுற்றுவதுபோல் கரகரத்தது. பேரிங் போய்விட்டது என்று சொன்னேன். "ஓடறது கத்தத்தான் செய்யும்" என்றார். ஒரு மாதம் கழித்து, நனைந்த போர்வைகளோடு மிஷின் நின்றுபோனது. பேரிங் தேய்ந்ததோடு விடாமல் டிரம்மைச் சுற்றும் தண்டையும் தின்றிருந்தது. அதிலிருந்து வீட்டில் சின்னதாக ஒரு சத்தம் மாறினாலும் மத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

இப்படிப்பட்ட நான்தான் கூடத்து ஃபேனைக் கோட்டை விட்டேன்.

என் மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வாரக் கடைசியில் அதியமான்கோட்டைக்கு வந்து போவாள். அவளுக்கு மாரண்டஹள்ளியில் ஒரு இடம் வந்தது. தக்காளி வியாபாரம், நல்ல நிலம், நல்ல பையன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் பேச்சு. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கோ இரண்டு பக்கமும் பயம். கட்டாயப்படுத்திக் கொடுத்து அவள் கண் கலங்கினால் என்ன செய்வது, விட்டுவிட்டு இதைவிட நல்ல இடம் வராமல் போனால் என்ன செய்வது என்று தூக்கமில்லாமல் கிடந்தேன்.

அந்தச் சமயத்தில் பொம்மிடியிலிருந்து என் நாத்தனார் வந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் வழக்கம்போல் ரெகுலேட்டரை இரண்டுக்குத் திருப்பினார். ஐந்தில் வைத்தால் காற்று இரைச்சலில் அவருக்குப் பேச்சு கேட்காது. "இந்த எடத்துக்கே குடுத்துரலாம்னு பாக்கறேன்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, டியூப்லைட் பக்கமிருந்து ச்சு, ச்சு என்று சத்தம். எங்கள் பக்கம் பல்லியைக் கவுளி என்போம். பேச்சின் நடுவில் அது சொன்னால் சொன்னதுதான். நாத்தனார் விரலை மடக்கித் தரையில் மூன்று முறை தட்டினார்.

"கேட்டீங்களா? கவுளியே சொல்லிருச்சு. இனி என்ன யோசன?"

நானும் தட்டினேன். மனதிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. மகள் கொஞ்ச நேரம் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்தடுத்துப் பேசிய நாட்களிலும் கவுளி தவறாமல் சொன்னது. பூ வைக்க நாள் குறித்தோம்.

பூ வைக்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால், முற்பகலில், நான் தனியாகக் கூடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஃபேன் இறக்கையில் ஒட்டடை. மேஜைமேல் ஏறி ஒரு இறக்கையைத் துடைத்துவிட்டு அடுத்ததைக் கையால் இழுத்தேன். ச்சு என்றது. நல்ல சகுனம், கவுளி சொல்கிறது என்று சுவரைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ச்சு. பழைய இடத்துக்கே கொண்டுவந்து மெல்லத் தள்ளினேன். அதே இடத்தில், அதே ச்சு. விரலில் அந்தக் கரகரப்பு தெரிந்தது. வாஷிங் மிஷினில் தெரிந்த அதே மணல்.

இறங்கி ஸ்விட்சைப் போட்டேன். ஐந்தில் வைத்தால் காற்றுச் சத்தம் மட்டும். மூன்றில் சும்மா ஒரு முனகல். இரண்டுக்கு வந்ததும் ச்சு, ச்சு. மறுபடி ஐந்து, மறுபடி இரண்டு. பைத்தியக்காரி மாதிரி ரெகுலேட்டரைத் திருப்பிக்கொண்டே நின்றேன். முக்கியமான பேச்சு என்றால்தான் அவர் ஃபேனைக் குறைப்பார். ஃபேனைக் குறைத்தால்தான் பேரிங் கத்தும். இந்த வீட்டில் முக்கியமாக எதைப் பேசினாலும் அது சொல்லத்தான் செய்யும். கல்யாணம் வேண்டாம் என்று பேசியிருந்தாலும் சொல்லியிருக்கும்.

தோட்டத்திலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழனித் தொட்டியில விழுந்துச்சாம். நம்ம பல்லி ஃபேனுக்குள்ள விழுந்துருச்சு."

"வெளையாடாதீங்க. அதக் கேட்டுத்தான முடிவு பண்ணினோம்?"

"சரி, கவுளி சொல்லல. அதுக்காக எடம் கெட்ட எடமாயிருமா? சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. பேசாம இரு. பேரிங்க மாத்திரலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. நாத்தனார் கவுளி சொன்னது என்றார். நான் கவுளியோடு சேர்ந்து தட்டினேன். இவரும் அதைத்தான் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். இந்தக் கல்யாணத்தை எங்களில் ஒருவரும் முடிவு செய்யவே இல்லை. சொல்லாமல் விட்டால் காலத்துக்கும் உறுத்தும். சொன்னால், சும்மா இருக்கிற பெண் மனதைக் கலைத்தவள் ஆவேன்.

பூ வைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் மகள் பஸ் இறங்கி வந்தாள். கை கால் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். அவர் வாழை இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். காப்பியைக் கொடுத்துவிட்டு ரெகுலேட்டரை இரண்டுக்குத் திருப்பினேன். ச்சு, ச்சு.

"கண்ணு, அது கவுளி இல்ல. பேரிங்கு."

நான் எதிர்பார்த்த அதிர்ச்சி அவள் முகத்தில் இல்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்மா."

"தெரியுமா? எப்பருந்து?"

"அத்தை வந்தாங்கல்ல, அதுக்கு மொத வாரம். இதே எடத்துல உக்காந்து அப்பாகிட்டச் சொன்னேன். எனக்கு வேணாம்ப்பா, வேலைய வுட முடியாதுன்னு. நீ அவரைக்காய் உரிச்சிட்டிருந்த. ஃபேன் கொறச்சுத்தான் இருந்துச்சு. அப்பவும் அது கத்துச்சும்மா. நான் சொன்னப்ப யாரும் தரையத் தட்டல."

எனக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. அவள் சொன்னதும் நினைவிருந்தது. எந்தப் பெண் முதல் பேச்சிலேயே சரி என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த காயை எடுத்தேன். அந்த ச்சு என் காதிலேயே விழவில்லை.

எழுந்து ஃபேனை நிறுத்தினேன். கூடம் புழுங்கியது.

"இப்பக் கேக்கறேன் கண்ணு. நீ என்ன சொல்ற?"

"இப்பத்தான் கேக்கற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "வேணாம்மா."

நிமிர்ந்தபோது வாசற்படியில் அவர் நின்றிருந்தார், தோளில் இலைக் கட்டோடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல வர்றாங்க" என்றார் மெதுவாக. "வேன் சொல்லிட்டாங்களாம்."

"நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுங்களா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. இலைக் கட்டை இறக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். மாரண்டஹள்ளியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள். பின்னால் நிறையப் பேர் சிரிக்கும் சத்தம், பாத்திரச் சத்தம்.

"சொல்லுங்க சம்மந்தி" என்றார்கள்.