கொள்ளு ரசமும் பவுனின் விலா எலும்பும்

அம்சவேணி அரிவாள்மணையில் உட்கார்ந்து கேரட்டை நீளவாக்கில் கீறிக்கொண்டிருந்தாள். வட்டமாக நறுக்கினால் குதிரைக்குத் தொண்டையில் அடைக்கும். எல்லாம் கேத்தி கிராமத்து ஓடையில் கழுவும்போது கழித்துப் போட்ட கேரட். வெடித்ததும், இரண்டு கால் முளைத்ததும், நுனி ஒடிந்ததும். அங்கே கழுவுகிற மோசஸ் ஒரு சாக்கு அள்ளிக் கொடுப்பான். "குதிரைக்கா, ஊட்டுக்காரருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பான்.

"ரெண்டுக்குந்தான். ரெண்டுமே முணுமுணுக்கும்" என்பாள் அவள்.

பெர்ன்ஹில்லில் என் வீட்டுக்குப் பின்வீடு அவர்களுடையது. அவள் கணவர் ஆறுக்குட்டி ஊட்டி ஏரிக்கரையில் இரண்டு குதிரைகளை வைத்துச் சவாரி விட்டவர். எழுபத்தொன்பதாம் வருடம் தை மாதம், மேட்டுப்பாளையத்தில் ஜட்கா ஓட்டுவதை விட்டுவிட்ட ஒருவரிடம் இரண்டரை வயதுப் பெட்டைக் குட்டி ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். அம்சவேணி அதற்குப் பவுனு என்று பேர் வைத்தாள்.

"பேரு வெச்சுட்டா சதை புடிச்சுருமா?" என்றார் ஆறுக்குட்டி. "சம்பாதிக்கற குதிரைக்குத்தான் தவிடு. சித்திரைக்குள்ள தேறலீன்னா வந்த லாரியிலயே திருப்பி அனுப்பிப்போடுவேன்."

அம்சவேணி ஆனைமலைப் பக்கம் மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்தவள். குதிரையை அவளுக்குத் தெரியாது. காலையும் மாலையும் தொட்டி நிறைய முட்டைக்கோஸ் இலையும் கழனித் தண்ணியும் வைத்தாள். வாராவாரம் ஒரு சணல் கயிற்றை வயிற்றைச் சுற்றிப் பிடித்து, எட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டாள். மூன்றாம் வாரம் கயிறு நாலு விரல் நகர்ந்தது.

"ஜூடித்தக்கா, பாருங்க, எப்படித் தேறிருச்சு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் பார்த்துவிட்டு நல்லது என்றேன். மறுநாளே பவுனு தரையில் படுத்து உருண்டது. எழுந்தது, தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி விழுந்து உருண்டது.

கால்நடை டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து ஊற்றினார். வயிற்றில் இருந்தது பாதி வாயு, மீதி பூச்சி.

"இது அசை போடற பிராணி இல்லம்மா. இரைப்பை சின்னது. ஒரேயடியா ரொப்பாதீங்க. கொஞ்சங் கொஞ்சமா அஞ்சாறு வேளை குடுங்க. முட்டைக்கோஸ் கண்ணுலயே காட்டாதீங்க" என்றார். கயிற்றைப் பார்த்ததும் சிரித்தார். "அளக்கணும்னா முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளங்க."

எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். பெருத்த வயிறும் குச்சிக் கையுமாக எத்தனையோ குழந்தைகளை நர்ஸாக வார்டில் தூக்கியிருக்கிறேன். குதிரை என்பதால் கண்ணில் படவில்லை.

அம்சவேணி பழைய முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, நெஞ்சளவில் புதிதாக ஒன்று போட்டாள். பூச்சி மருந்து கொடுத்து, ஒரு வாரம் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். புல்தான் முக்கியச் சாப்பாடு. வேலியோரத்துப் புல்லை அறுத்து, பனி ஈரம் போக உதறி, வேளைக்குக் கொஞ்சமாகப் போட்டாள். குவித்து வைத்துச் சூடேறிய புல்லைத் தொடவிடவில்லை. கேரட் இரண்டு கை, ஒரு சிட்டிகை கல்லுப்பு, எப்போதும் நல்ல தண்ணீர். குளிரில் நடுங்கித் தின்றதெல்லாம் வீணாகாமல் இருக்க, இரண்டு கோணிப்பைகளைத் தைத்து முதுகில் போர்த்தினாள்.

கொள்ளுக்குத்தான் வழியில்லை. சவாரிக் குதிரைகளின் கொள்ளைத் தொடக்கூடாது என்று ஆறுக்குட்டி சொல்லியிருந்தார். சமையல் கொள்ளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்சவேணி தினமும் கொள்ளை ஊறவைத்து வேகவைத்தாள். வெந்த தண்ணீர் வீட்டுக்கு ரசமானது. கொள்ளு பவுனுக்குப் போனது.

ஒன்பதாம் நாள் ஆறுக்குட்டி தட்டைத் தள்ளி வைத்தார். "இன்னைக்கும் கொள்ளு ரசமா? குதிரை தின்ன மிச்சத்த எனக்கு ஊத்தறயா?"

"இல்லீங்க. நீங்க குடிச்ச மிச்சந்தான் அதுக்கு."

அவர் தட்டை இழுத்துக்கொண்டார்.

பங்குனி முடிவதற்குள் கயிறு மூன்று விரல் நகர்ந்தது. இம்முறை வயிறு உள்வாங்கி, பின்புறம் உருண்டிருந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த அளவு போதும். அதற்கு மேல் கொழுப்பு.

சித்திரை முதல் வாரம், சீசனுக்கு முன்னால், டாக்டர் குதிரைகளைப் பார்க்க வந்தார். பவுனின் பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கினார், விலாவைத் தடவினார்.

"சதை நல்லாப் புடிச்சிருக்கு. ஆனா எலும்பு முத்தல. இந்த சீசனுக்கு யாரையும் ஏத்தாதீங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

அம்சவேணியின் முகம் வாடியது. தேறினால் போதாது, சம்பாதிக்க வேண்டும் என்பதுதானே பேச்சு. இன்னும் ஒரு வருடம் சும்மா தின்னும் வாய். பவுனைக் கொண்டுவந்த லாரிக்காரர் மறுநாள் காய்கறி ஏற்ற வரப்போவதும் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் போன பின் ஆறுக்குட்டி ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தார். தானே பவுனின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார். முடிச்சுக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு தரம் பார்த்தார். கயிற்றை மறுபடி ஆணியில் மாட்டினார். அன்று ரசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். லாரி பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை லாரி ஹாரன் அடித்தபோது நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஆறுக்குட்டி கையில் காலிச் சாக்கோடு வெளியே வந்தார். பவுனைக் கட்டியிருந்த கயிற்றை அவர் தொடவே இல்லை. "கேத்தி வழியாத்தானே போற? என்னை எறக்கி உட்டுரு" என்று லாரிக்காரரிடம் சொன்னார். ஏறும்போது திரும்பி, "அம்சு, ஒரு சாக்குப் போதுமா, ரெண்டு வேணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஊறிய கொள்ளை அடுப்பில் ஏற்றினாள்.