எண்பத்து நான்கும் மிச்சமும்

கடைசி மாடும் உள்ளே போய்விட்டது. ஐசக் டார்டிஃப் இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். இரும்புக் கேட்டின் மேல்கம்பியில் அவருடைய நடுவிரல் முட்டி மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மாட்டுக்கு ஒரு தட்டு. எண்பத்து நான்கு மாடு, எண்பத்து நான்கு தட்டு. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விரல் நிற்பதில்லை. காலியாகக் கிடக்கும் சேற்றுப் பாதையைப் பார்த்தபடி இன்னும் மூன்று நான்கு நிமிஷம் தட்டிக்கொண்டே இருக்கும். உதடு அசையும். அப்புறம்தான் கேட்டைச் சாத்துவார். மழையானாலும் இதே கதைதான். வட இங்கிலாந்தில், கம்ப்ரியா மலையடிவாரத்தில் மழையில்லாத நாள் ஏது?

பால் லாரி ஓட்டும் டென்னிஸ் இதை வைத்து அவரைச் சீண்டாத வாரம் கிடையாது. “யாருக்குப்பா இன்னும் கதவைத் திறந்து வெச்சிட்டு நிக்கிறே? பிஷப் வர்றாரா?”

“வந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்புவேன். குழாயைப் போடு, பால் ஆறிப்போகுது.”

அறுபத்தேழு வயது. எலும்பும் தொப்பியுமாக ஓர் ஆள். கால்சட்டையை இடுப்பில் நிறுத்தி வைப்பது பெல்ட் அல்ல, வைக்கோல் கட்டும் நீலக் கயிறு. மகள் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த பெல்ட்டுகள் எல்லாம் கன்றுக்குட்டிகளின் கழுத்தில் இருக்கின்றன. டீயில் பால் விட்டுக்கொள்ள மாட்டார். பால்காரர் பால் குடிக்காததைப் பற்றிக் கேட்டால், “அது விக்கிறதுக்கு” என்பார்.

அவரிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. மாடுகளுக்குப் பேர் கிடையாது. காதில் மாட்டிய அட்டையின் எண்தான். “நாப்பத்தொன்பது, நகரு.” “ஏ பன்னெண்டு, என் காலு அது.” அந்த வட்டாரத்தில் பசுவுக்குப் பேர் வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. தாயின் பேர்தான் மகளுக்கும். வரிசை எண் மட்டும் ஒன்று கூடும். முப்பத்தொன்பதாம் புளூபெல்லின் மகள் நாற்பதாம் புளூபெல். ஐசக்கின் கில்பெக் பண்ணையிலும் அவர் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் வந்தது. நாற்பத்தொன்றாம் புளூபெல்லோடு நின்றுபோனது.

அதை நிறுத்தியது கோமாரி வந்த வருஷம். அடுத்த பண்ணையில் ஒரு மாட்டின் வாயில் கொப்புளம் கண்டது. கில்பெக்கில் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் வேலி ஒட்டிய பண்ணை என்பதால் மந்தை முழுவதையும் கொன்றுவிடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் வந்தார்கள். புது ஆட்களைப் பார்த்து மாடுகள் மிரண்டு மேட்டு நிலத்திலேயே நின்றுவிட, “நீங்களே கூப்பிட்டா வரும்” என்று ஐசக்கிடம் சொன்னார்கள். அவர் கூப்பிட்டார். பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். வந்தன. கேட்டைத் திறந்து பிடித்து, ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விட்டார், அறுபத்து மூன்று. கடைசியாக வந்தது நாற்பத்தொன்றாம் புளூபெல். பின்னங்கால் கொஞ்சம் நொண்டும். வாசலில் வந்து நின்றுகொண்டு, பின்புறத்தில் ஒரு தட்டு தட்டினால்தான் உள்ளே போகும். அன்றைக்கும் நின்றது. “போ கண்ணு” என்று ஒரு தட்டு தட்டினார். போயிற்று. கீழ்க்கொல்லையில் நீளமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இருபத்து நான்கு வருஷமாக அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. மனைவி பிரெண்டா கேட்டதுமில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு. கேட்டில் அவர் நிற்பதை அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். முதலில் ஜபம் என்று நினைத்தாள். ஐசக் கோயிலுக்குப் போவதே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இப்படியே போயிருக்கும், புதுக் கொட்டகை என்ற பேச்சு வராமல் இருந்திருந்தால். பழைய கொட்டகை ஐசக்கின் அப்பா கட்டியது. அந்தக் காலத்து மாட்டின் அளவுக்குத் தடுப்பு போட்டது. இன்றைய மாடுகள் படுத்தால் பாதி உடம்பு வெளியே கிடக்கும். முழங்கால் எல்லாம் புண். பால் வாங்கும் கம்பெனியிலிருந்து வந்த பெண், புண்களைப் படம் பிடித்துக்கொண்டு, வருகிற குளிர்காலத்துக்குள் புதுக் கொட்டகை இல்லையென்றால் பால் எடுப்பது நின்றுவிடும் என்று தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். பால் எடுக்கவில்லையென்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஐசக் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே, “காலிக் கொட்டகையை ஒரு தடவை பார்த்தாச்சு பிரெண்டா. இன்னொரு தடவை என்னால ஆகாது” என்றார். அத்தனை வருஷத்தில் அந்த விஷயத்துக்கு மிக அருகில் அவர் வந்தது அப்போதுதான்.

வரைபடம் போட டவுனிலிருந்து கிரேம் வந்தான். ஷூவில் சேறு படுவதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிற கெட்டிக்காரன். பண்ணை முழுக்கச் சுற்றிவிட்டு, கீழ்க்கொல்லையைக் காட்டினான். “இதை விட்டா வேற இடமே இல்லை சார். சமதரை. ரோட்டிலிருந்து கண்ணுல படாது. பக்கத்துல வீடு கீடு எதுவும் கிடையாது. எவனும் ஆட்சேபம் பண்ண மாட்டான்.” குழி தோண்ட வந்தவர்களும் இதே காரணங்களைத்தான் சொல்லியிருந்தார்கள். பிரெண்டா ஐசக்கின் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்வார் என்று இவள் இருந்தாள். இவள் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். கிரேம் நான்கு மூலையிலும் முளை அடித்து, சுற்றிவரச் சிவப்புக் கயிறு கட்டினான்.

அங்கே புல் எப்போதுமே மற்ற இடத்தைவிட ஒரு முழம் உசரம். மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. இந்த மாடுகளுக்கு என்ன தெரியும்? கோமாரிக்கு அப்புறம் லங்காஷயரில் வாங்கிய மந்தையின் பேத்திகள். ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போகும். கயிறு கட்டிய அன்று பிற்பகல் மட்டும் எண்பத்து நான்கும் மேட்டிலிருந்து இறங்கி வந்தன. கயிற்றுக்கு வெளியே சுற்றிலும் நின்றன. தலை எல்லாம் உள்பக்கம் பார்க்க, அசை கூடப் போடாமல் நின்றன. ஒரு கத்தல் இல்லை, வால் கூட ஆடவில்லை.

“பாருங்க, கட்டடமே வரலை, அதுக்குள்ள கியூ கட்டிருச்சுங்க!” என்று கிரேம் சிரித்தான். பால் கறக்கும் நேரம் ஆகும்வரை அவை நகரவில்லை. வெயிலில் உலரப்போட்ட துணியை எடுக்க வந்த பிரெண்டா, எடுக்காமலே வீட்டுக்குள் போய்விட்டாள்.

விண்ணப்பப் படிவத்தை ஐசக்கே நிரப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு நாள். பிறகு திட்ட அனுமதி அலுவலகத்திலிருந்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்ற மஞ்சள் அறிவிப்பு வந்து கேட்டில் தொங்கியது. அதைப் பன்னிரண்டு என்கிற மாடு தின்றுவிட்டது. இரண்டாவது அறிவிப்பையும் தின்றது. மூன்றாவதைத் தந்திக்கம்பத்தில் உயரக் கட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. அந்த அலுவலகத்தின் அதிகாரி, ஹெலன் ரட்லெஜ் என்று பேர். “மிஸஸ் டார்டிஃப், ஒரு சின்ன குழப்பம். வரைபடத்துல எண்பத்து நாலு மாட்டுக்குத்தான் இடம். சாணிக் குழியும் அந்தக் கணக்குதான். ஆனா படிவத்துல, பண்ணையில இப்ப இருக்கிற மாடுங்க எத்தனைங்கிற இடத்துல நூத்து நாப்பத்தேழுன்னு எழுதியிருக்கு. கூடுதல் மாடுங்க எங்க இருக்கு?”

பார்த்துச் சொல்கிறேன் என்று பிரெண்டா போனை வைத்தாள். ரொட்டி சுற்றிவந்த காகிதத்தின் ஓரத்தில் கழித்துப் பார்த்தாள். அறுபத்து மூன்று. இன்னொரு தடவை கழித்தாள். இத்தனை வருஷமாகக் கேட்டில் அந்த விரல் எதைத் தட்டியது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஹெலன் நேரில் வந்தது மாட்டை ஓட்டிவரும் நேரத்துக்கு. சின்ன வயசு, பெரிய ரப்பர் பூட்ஸ், மார்போடு அணைத்த கோப்பு. கேட்டருகே நின்று அவளும் எண்ணினாள். எண்பத்து நான்கு. “சரியா இருக்கே” என்று கோப்பில் குறித்துக்கொண்டு பாதையில் கால் வைத்தாள். ஐசக்கின் கைத்தடி அவளுக்குக் குறுக்கே வந்தது.

“கொஞ்சம் பொறு பொண்ணு. இன்னும் வந்து முடியலை.”

பாதை வெறிச்சென்று கிடந்தது. விரல் தட்டியது. வேலியோரம் உட்கார்ந்திருந்த மாஸ், அவர்களுடைய நாய், பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலை இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பியது. மறுபடி இடப்பக்கம் வந்து, மறுபடி வலப்பக்கம் திரும்பியது. எதையோ ஒவ்வொன்றாக வழியனுப்பிக்கொண்டிருந்தது. பிரெண்டா வாசற்படியில் நின்று பார்த்தாள். ஹெலன் தன்னை அறியாமல் இரண்டு அடி பின்வாங்கி வேலியோடு ஒட்டிக்கொண்டாள். காற்று இல்லை. ஆனாலும் கோப்பிலிருந்த தாள்கள் விட்டுவிட்டு அசைந்தன. தட்டு நின்றதும் ஐசக் கேட்டைச் சாத்தினார்.

“யாரு போனாங்க?” என்று கேட்டாள் ஹெலன்.

“பழசுங்க.” கைத்தடியால் கீழ்க்கொல்லையைக் காட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். உத்தரவு வந்ததை, அவர் கூப்பிட்டதை, அவை நம்பி வந்ததை எல்லாம் சொன்னார். அறுபத்து மூன்று மாட்டின் பேரையும், எண் தப்பாமல், வந்த வரிசையிலேயே சொன்னார். பிரெண்டா அழுதுவிட்டாள். அவர் அழவில்லை.

ஹெலன் கோப்பைப் புரட்டினாள். “நிலம் மாசுபட்டதான்னு ஒரு கேள்வி இருக்கு, மிஸ்டர் டார்டிஃப். நீங்க இல்லைன்னு போட்டிருக்கீங்க.”

“மாசா? எது மாசு? அதுங்களுக்கு ஒரு கொப்புளம் கிடையாது. ஒரு இருமல் கிடையாது. அதைவிடச் சுத்தமான மாடு இந்த ஜில்லாவுலயே இல்லை.”

அவள் கோப்பை மூடினாள். “நான் கேட்டுட்டேன். கேக்காத மாதிரி எழுத முடியாது. அங்க அஸ்திவாரம் தோண்ட விட மாட்டாங்க” என்றாள்.

“தெரியும்” என்றார் ஐசக். “அதைச் சொல்லத்தான் வாய் வரலை.”

கம்பெனி கொடுத்த தவணையில் ஏழு மாதம்தான் பாக்கி. பண்ணையில் வேறு சமதரை கிடையாது என்று கிரேம் ஏற்கனவே அடித்துச் சொல்லிவிட்டான். பிரெண்டா முந்தானை இல்லாத ஊர்க்காரி; ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “வீட்டுக்குப் பின்னாடி என் தோட்டம் இருக்கு. பிளம் மரம் ஒன்பது. வெட்டிக்கலாம்.”

“உன் மரமாச்சே” என்றார் ஐசக்.

“ஜாம் தின்னு தின்னுதான் நீ இப்படி இளைச்சுப்போயிருக்கே. வெட்டுய்யா.”

புதிதாக வரைபடம் போட்டார்கள், புதிதாக மஞ்சள் தாள் தொங்கியது. நூற்று நாற்பத்தேழை ஐசக் தன் கையாலேயே அடித்து எண்பத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். கீழ்க்கொல்லைப் பக்கம் பார்க்க ஒரு கதவு வேண்டும்.

“அந்தப் பக்கம் பாதையே கிடையாதே சார். வேலி வேற போடச் சொல்லியிருக்காங்க. எந்த மாடு அதுல வரும்?” என்று கிரேம் தலையில் அடித்துக்கொண்டான்.

“கதவு வை. வர்றது போறதை நான் பார்த்துக்கறேன்.”

வரைபடம் அலுவலகத்துக்குப் போனதும், அந்தக் கதவு எதற்கு என்று யாராவது போன் பண்ணுவார்கள் என்று பிரெண்டா காத்திருந்தாள். யாரும் பண்ணவில்லை. ஜூலையில் அனுமதி வந்தது. கடிதத்தின் அடியில் ஹெலனின் கையெழுத்து இருந்தது.

நவம்பர் முதல் வாரம், நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிய ஒரு சாயங்காலம், புதுக் கொட்டகையில் மாடுகள் முதல் தடவையாக ஏறின. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் பதினைந்து எட்டில் கொட்டகை. முன்பு மரங்கள் இருந்த இடம். எண்பத்து நான்கு தட்டு. ஐசக் முற்றத்துக் கதவைச் சாத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காத்திருக்காமல் சாத்தினார். மாடுகள் ஒவ்வொன்றும் தனக்கான தடுப்பில் புதுமணலில் மடங்கிப் படுத்தன. அவர் நடுவில் நடந்து கடைக்கோடிக்குப் போனார். கீழ்க்கொல்லைப் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, அகலத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

படுத்திருந்த எண்பத்து நான்கும் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து, தடுப்பின் ஓரத்துக்கு நகர்ந்து, பாதி இடத்தை விட்டுக்கொடுத்து நின்றன. ஜன்னலில் பிரெண்டாவின் விரல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.

கடைசி ஒன்றுக்குக் கதவருகே கொஞ்சம் தாமதமாயிற்று. ஐசக் காத்திருந்தார். பிறகு கையைத் தூக்கி, இடுப்பு உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் மெல்ல ஒரு தட்டு தட்டினார். கதவைச் சாத்தினார்.