ஒரே ஒரு கூப்பாடு

யுத்த காலத்து மாரி. சம்பூரில் நெல் இருப்பைப் பார்வையிடப் போன அரசாங்கக் கச்சேரி கிளாக்கர் நான். குடாவைக் கடக்கும் மோட்டர் வள்ளம் அந்தக் கிழமை ஓடவில்லை. துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள் நின்றன. ஆகவே கரைவழியே நடந்து, ஆறுகளைத் தோணியில் தாண்டித்தான் திருகோணமலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

கடைசித் துறைக்கு வந்தபோது பின்னேரம்தான். வானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் இருண்டு கிடந்தது. மழை மேலிருந்து பெய்வதுதான் முறை. அன்று பக்கவாட்டில் பெய்தது, கொஞ்சம் கீழேயிருந்தும் பெய்தது. குடையை விரித்தேன். காற்று அதைப் பிடுங்கிக் கரையோரக் கண்டல் பற்றைக்குள் கொண்டுபோனது. என் சொந்தக் குடை. அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதத் தேவையில்லை என்று ஆறுதல்பட்டேன்.

முன்பெல்லாம் அந்தத் துறையில் லாந்தரை ஆட்டினால் அக்கரையிலிருந்து தோணி வரும். குண்டுவீச்சுக்குப் பயந்து இருட்டடிப்பு விதி வந்தபின் அது குற்றம். என்னிடம் டோர்ச் இருந்தது. அதன் கண்ணாடியில் விதிப்படி தடித்த தாள் ஒட்டியிருந்தேன். அந்த விதியை ஊர் ஊராகப் போய் விளக்கியவனும் நானே. அதன் வெளிச்சம் என் பெருவிரல்வரை போனது.

“தோணி!” என்று கத்தினேன். அக்கரைக் குடிசை வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. என் பக்கமே பார்த்தது. அசையவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன். அது அப்படியே நின்றது. கடைசியில் பொறுமை கெட்டு, தோணிக்காரரின் கடமைகள் பற்றிய சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் உரக்க ஒப்பித்து, முடிவில் என் சொந்த வசவுகள் சிலவற்றையும் சேர்த்தேன்.

தோணி வந்தது.

“என்ன காணும், காது கேளாதோ?”

“கேட்டது ஐயா. ஒருக்காத்தான் கேட்டது.”

“தொண்டை கிழியக் கத்தினனான்!”

“மிச்சத்தைக் காத்துத் திண்டிருக்கும். மூண்டு தரம் கூப்பிட்டால்தானே மனுசர். ஒருக்காக் கூப்பிட்டால் வாய் திறக்கப்படாது.”

“பிறகேன் வந்தீர்?”

“இங்கிலீசில ஏசினியள். பேய் எங்களை இங்கிலீசில ஏசாது.”

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தந்து, தோணிக்குள் நிறையும் தண்ணீரை அள்ளச் சொன்னார். அரசாங்கம் அள்ளியது. நடு ஆற்றில் அவராகவே கதைத்தார். தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். குண்டு விழுந்த அன்று காலையில் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை.

“ஊர் விதானையாரிடம் அறிவித்தீரோ?” என்றேன். அதுதான் முறை.

“போனனான். உடம்பைக் காட்டினால்தான் சாவெண்டு எழுதலாமாம்.”

அதுவும் முறைதான். நான் தண்ணீரை அள்ளினேன்.

“துறைமுக வள்ளம் ஐயா நிண்ட கரையிலதான் ஆக்களை இறக்கும். வேலை முடிஞ்சு வந்து, அங்க நிண்டு ‘அண்ணை’ எண்டுவான். ரெண்டாந்தரம் கூப்பிட விடமாட்டன், தோணியை எடுத்திடுவன். இப்ப மாரி தொடங்கினதிலிருந்து அது கேக்குது, ஐயா. ஒருக்காத்தான். போகலாமோ, போகப்படாதோ? என்ர மனுசி தனக்கொண்டும் கேக்கேல்லையாம். எனக்குத்தான் மண்டை பிழைச்சிட்டுதாம்.”

அப்போதுதான், நாங்கள் விட்டுவந்த கரையிலிருந்து அது வந்தது. ஒரு தரம். நான் புறப்பட்டபோது அங்கே யாரும் இல்லை.

அவர் துடுப்பை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

“ஐயாவுக்குக் கேட்டதோ?”

காற்று என்றிருக்கலாம். நாரை என்றிருக்கலாம். இரண்டுக்கும் நா எழவில்லை.

“ஓம்,” என்றேன்.

அவர் தோணியைத் திருப்பினார்.

கரையில் ஒருவரும் இல்லை. கண்டல் பற்றையில் என் குடை மட்டும் கம்பிகள் மடிந்து தொங்கியது. அதை எடுத்து என் மடியில் வைத்தார். பிறகு தோணியைக் கரையோடு அணைத்து, மழையைப் பார்த்துச் சொன்னார்:

“ஏறடா. நனையாதை.”

தோணி கொஞ்சம் தாழ்ந்தது. அதற்குள் தண்ணீர் இருந்தது. நானும் அள்ளுவதை நிறுத்தியிருந்தேன். அவ்வளவுதான் நான் சத்தியம் செய்து சொல்லக்கூடியது.

திரும்பினோம். நான் மறுபடி அள்ளினேன், ஆள் உட்காரும் முன்பலகைப் பக்கம் பாராமல். அக்கரையில் முதலில் என்னை இறக்கினார். நான் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். தோணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, இன்னொருவர் இறங்கிப் போகும்வரை, அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.