நஸீரா டீச்சரின் ஆதிவாசி தினம்

தாராவியில் ஒரு முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் நஸீராவுக்குத் தன் விழாக்களைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். பதினோரு வருட வேலையில் அவர் வகுப்பு மேடையேறிக் கைதட்டல் வாங்காத ஆண்டே இல்லை. அந்த ஆகஸ்டில் ஆதிவாசி தினத்துக்காகப் பச்சைக் காகிதத்தில் முப்பது இலைப் பாவாடைகளைத் தன் கையாலேயே வெட்டி ஒட்டினார்.

அளவு பார்க்கக் கூப்பிட்டபோது அனிஷா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, புடிக்கலியா?"

"எங்கம்மா இப்படி உடுத்த மாட்டா டீச்சர்."

"உங்கம்மா எதுக்கு உடுத்தணும்?"

"நாங்களும் ஆதிவாசிதான். காணிக்காரங்க, பாபநாசம் மலை. எங்கம்மா ரயில்வேல இருக்கா."

நஸீராவுக்கு முகம் சுட்டது. ஜூனிலிருந்து கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை. ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே! பாவாடைகளைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே சுனாபட்டியில் அனிஷாவின் வீட்டுக்குப் போய், வகுப்புக்கு வரும்படி அவள் அம்மா ரோசம்மாவைக் கேட்டார்.

"வேடிக்கை காட்டவா கூப்பிடுதீக?" என்றாள் ரோசம்மா.

"இல்லம்மா. தப்பு என் மேலதான். எம் பிள்ளைகளுக்கு நீங்க ஒரு பாடம் எடுக்கணும்."

"சரி, வாரேன்" என்றாள் ரோசம்மா.

ஆதிவாசி தினத்தன்று தண்டவாள வேலை முடிந்த கையோடு, ஆரஞ்சு ஜாக்கெட்டுடனேயே வகுப்புக்குள் வந்தாள். பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சர், ஆதிவாசி எப்ப வருவாங்க?" என்று கேட்டான் பைசான்.

"வந்தாச்சுல. நாந்தான்."

யானை போன தடத்தைப் பார்த்து அது எப்போது போனது என்று சொல்வதையும், பாறை இடுக்கில் தேன் எடுக்கும்போது பூச்சிக்கென்று கொஞ்சம் விட்டுவைப்பதையும் ரோசம்மா சொன்னாள். ஊரில் சண்டை வந்தால் மூட்டுக்காணி எனும் தலைவர் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்களாம். அவள் அண்ணன் ஊரிலிருந்து அனுப்பிய வீடியோவில் கொக்கரை என்ற இரும்புக் கருவி கரகரவென்று ஒலித்தபோது, பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விடவே இல்லை.

"இவங்க யாரோட அம்மா?" என்று நஸீரா வேண்டுமென்றே கேட்டார்.

அனிஷா பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். நஸீரா அவளை இறங்கச் சொல்லவில்லை.

"அப்ப பம்பாய்ல முதல்ல இருந்தது யாரு ஆன்ட்டி?" என்றான் பைசான்.

"கோலிக்காரங்க. இந்தா, பக்கத்துல கோலிவாடா இருக்குல்லா? மீன்பிடிக்கிற சனம். நாமெல்லாம் பொறவு வந்தவங்க."

மறு வாரமே நஸீரா கோலிவாடாவுக்குப் போய், பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று அங்குள்ள பெண்களிடம் அனுமதி கேட்டார். அந்த ஆண்டு அவர் வகுப்பு மேடையேறவில்லை. ஆனால் பதினோரு வருடத்தில் இதுதான் தன் வகுப்பில் நடந்த மிக நல்ல பாடம் என்று ஆசிரியர் அறையில் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்.