வளைவு அக்காவின் ரயில்

பஸ் டிப்போவில் அவளுக்கு 'வளைவு அக்கா' என்று பெயர் விழுந்ததற்கு மார்க்கெட் முனைதான் காரணம். அங்கே ஒரு பக்கம் மருந்துக்கடைப் படி, மறுபக்கம் விளக்குக் கம்பம். மற்ற டிரைவர்கள் பாதி திருப்பி, ரிவர்ஸ் எடுத்து, பின்னால் நிற்பவர்களிடம் வசவு வாங்கி, ஒருவழியாக நகர்வார்கள். இவள் ஒரே வளைப்பில் போய்விடுவாள். எப்படி என்று கேட்டால், "மூக்கு தானா போயிடும், வாலைத்தான் பாக்கணும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு பொம்மை ரயிலிடம் மண்ணைக் கவ்வினாள்.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் டிப்போவில் குடும்ப விழா நடக்கும். கேண்டீனின் நீள மேஜையில் ஏதாவது அலங்காரம் வைப்பார்கள். போன வருடம் வைத்த அட்டை பஸ்ஸின் மேல் யாரோ சாம்பாரைக் கொட்டிவிட்டார்கள். இந்த முறை ஓடுகிற ரயில் ஒன்று வைக்கலாம் என்று அவள் சொன்னதும் 'ஹாரன்' சிரித்தார். அவரும் டிரைவர்தான். அவர் ரகசியம் பேசினால் பணிமனை வரைக்கும் கேட்கும்.

"பஸ் டிப்போவுல ரயிலா? அதுல என்ன தங்கச்சி இருக்கு? தண்டவாளம் போட்டா அதுபாட்டுக்குப் போகுது. ஸ்டீயரிங்கே கிடையாது. உன் வீட்டுக்காரர் கடைசிப் பெட்டியில உக்காந்து கொட்டாவி விட்டே சம்பளம் வாங்குறார்."

அவள் கணவன் சரக்கு ரயிலில் கார்டு, கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி காட்டுபவன். இதே கிண்டலை வீட்டில் அவளே எத்தனையோ முறை செய்திருக்கிறாள். ஆனால் வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது சுருக்கென்றது.

"அதுபாட்டுக்குப் போகுதா? நான் ஓட்டிக் காட்டுறேன் பாருங்க. மூணு சுத்து, தடம் புரளாம."

"புரண்டா?"

"விழாவுக்கு மறுநாள் லீவுல உங்களுக்குத்தானே டூட்டி? அதை நான் பாக்குறேன்."

"ஓடிச்சுன்னா?"

"ஒரு மாசம் நீங்க மெதுவாப் பேசணும்."

கேண்டீனே கைதட்டியது. கை கழுவப் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த விடுமுறை நாளில்தான் அவள் கணவன் வீட்டுக்கு வருகிறான். இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்து வருடக்கணக்காகிறது. ஒருவர் தூங்கும்போது மற்றவர் கிளம்புவதும், பாதி விஷயங்களைச் சமையலறைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவைப்பதுமாகக் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிக் கிடைத்த ஒரு நாளை யாராவது பந்தயத்தில் வைப்பார்களா? எதற்காக வாய் கொடுத்தோம் என்று குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்வாங்கலாம்தான். பின்வாங்கினால் ஹாரன் அதை ஊரெல்லாம் அடித்துவிடுவார்.

விழாப் பணம் சாப்பாட்டுக்கும் மைக் செட்டுக்கும் போய்விட்டது. மிச்சத்தில் பழைய பொருள் கடையில் ஓர் இன்ஜின், நீளமாக இரண்டு பெட்டிகள், ஒரு நீள்வட்டத் தண்டவாளம் கிடைத்தன. மற்றதெல்லாம் டிப்போ கொடுத்த சீதனம். கிழிந்த சீட் உறையைக் கசக்கி மலையாக்கினாள். உடைந்த சைடு கண்ணாடி குளமானது. கேண்டீனில் வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துத் தண்டவாளத்தின் அடியில் தூவினால், அசல் சரளைக்கல் போலவே இருந்தது. வாசனைதான் காட்டிக்கொடுத்தது. அவள் பஸ்ஸின் கண்டக்டரான 'சில்லறை' மீந்துபோன டிக்கெட் சுருள்களைக் கத்தரித்துக் குட்டிக் கொடிகள் செய்துகொடுத்தான். குச்சிகளை விளக்குக் கம்பங்களாக நட்டு, அவற்றுக்கிடையே கொடிகளைக் கட்டினாள்.

"அக்கா, கம்பத்தை இன்னும் கிட்ட வைங்க. கொடிக்குக் கீழ ரயில் நுழைஞ்சு போற மாதிரி இருந்தா அள்ளும்."

வைத்தாள். அள்ளத்தான் செய்தது.

விழாவன்று மதியம் ஓட்டிப் பார்த்தாள். பெட்டிகளுக்கு ஒட்டிய வண்ணக் காகிதத்தில் பசை இன்னும் காயவில்லை. அதனால் இன்ஜினை மட்டும் விட்டாள். அது சமர்த்தாகச் சுற்றிச் சுற்றி வந்தது. "நாளைக்கு லீவு நமக்குத்தான்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு புடவை மாற்றப் போனாள்.

சாயங்காலம் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசை. பெட்டிகளை மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். ரயில் மலையைத் தாண்டியது, குளத்தை ஒட்டிய வளைவில் நுழைந்தது. இன்ஜின் அழகாகத் திரும்பியது. கடைசிப் பெட்டியின் வால் வெளியே வீசி, முதல் கம்பத்தை ஒரு தட்டுத் தட்டியது. கொடிக்கயிறு மற்ற கம்பங்களையும் கையோடு இழுத்தது. ரயில் முழுவதும் பெட்டி பெட்டியாகக் குளத்தில் சாய்ந்தது.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் குதித்தாள். "இன்னொரு தடவை விழ வைங்க!"

ஹாரனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வாலைப் பாக்கணும் தங்கச்சி, வாலை!"

காது மடல் சூடாகி நின்றவளுக்கும் அதைக் கேட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தினமும் நிஜக் கம்பத்துக்குத் தப்பிக்கிறவள், தன் கையாலேயே நட்ட கம்பத்தில் இடித்திருக்கிறாள்! கம்பங்களை ஒரு விரல் அகலம் தள்ளி நட்டாள். அதற்குப் பிறகு ரயில் நிற்கவே இல்லை. பிள்ளைகளை விரட்டிவிட்டுச் சுவிட்சைப் பிடித்துக்கொண்டவர் ஹாரன்தான்.

கிளம்பும்போது அவர் அருகில் வந்து, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். "உன் வீட்டுக்காரர் கொட்டாவி மட்டும் விடல. ஒத்துக்கறேன். டூட்டியை நானே பாத்துக்கறேன், போ."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயும் திறந்தது. ஆனால் ரயில் ஓடியிருந்தால் இந்த மனுஷனை ஒரு மாதம் கிசுகிசுக்க வைத்திருப்போமே, விட்டிருப்போமா?

"வேணாம்ணே. பேச்சுன்னா பேச்சுதான்."

கணவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் 'ம்' மட்டும் கொட்டினான்.

"ஏங்க, கோவமா?"

"வாழ்நாள் பூரா நான் உக்கார்றது கடைசிப் பெட்டியில. கடைசியில அதையா மறந்தே?"

"சாரிங்க."

"சாரி எல்லாம் வேணாம். நாளைக்கு உன் முதல் பஸ் எந்த வழி?"

மறுநாள் விடிகாலை, முதல் பஸ் காலியாக ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்றது. கசங்கிய சீருடையும் தோளில் பையுமாக ஒரே ஒரு ஆள் ஏறினான். அவள் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டிக்கெட்?" என்றான் சில்லறை.

அவள் கணவன் பழக்கதோஷத்தில் ரயில்வே பாஸை நீட்டினான்.

"இது தண்டவாளத்துல செல்லும் மாமா. இங்க காசு எடுங்க. சாயங்காலம் வரைக்கும்னா ஒவ்வொரு நடைக்கும் தனி."

"உங்க அக்கா தோத்த பந்தயத்துக்கு நான் அபராதம் கட்டணுமா?"

"பின்னே யாரு கட்டுறது?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

பஸ் முழுக்க இடம் இருந்தது. முன்னால் வந்து உட்காருவான் என்று அவள் நினைத்தாள். அவனோ நேராகப் போய்க் கடைசி இருக்கையில், ஜன்னலோரமாக உட்கார்ந்தான். பழக்கம் யாரை விட்டது!

மார்க்கெட் முனை வந்தது. வேகத்தைக் குறைத்து, வழக்கம்போல வாலைப் பார்க்கக் கண்ணாடியில் கண் வைத்தாள். பின் ஜன்னலிலிருந்து கை ஒன்று வெளியே நீண்டது. கையில் பச்சைக் கொடி. கம்பத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறது, போகலாம் என்று அவன் மும்முரமாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

"கையை உள்ள வைங்க!" என்று கத்திக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஒரே வளைப்பில் திருப்பினாள்.