பொப்லர் வரிசைக்குப் பின்னால்

ஓவியக் கூடத்தின் படிகளில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். மழை விடவில்லை. காசு கேட்காத இடம் என்பதால் மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போயிருந்தேன். இப்போது நனைந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

என்னைத் துரத்தியது ஒரு படம். ஆற்றங்கரையில் ஒல்லியான, நெடிய பொப்லர் மரங்கள் வரிசையாக நின்றன. கிட்டப் போனால் பச்சையும் ஊதாவுமாக வெறும் தீற்றல்கள். பின்வாங்கினால் இலைகள் நடுங்கின. பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியை, பிரான்ஸில் இவை விடுதலையின் அடையாளம், புரட்சிக் காலத்தில் ஊரூராக நட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் இங்கிலீசுக்கு அவ்வளவுதான் விளங்கியது. வாசலைப் பார்த்து நடந்துவிட்டேன்.

இந்த நாட்டுக்குக் கள்ளமாக வரும் வழியில், அந்த மரங்களைப் பிரான்ஸிலேயே கண்டவன் நான். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் லொறியிலிருந்து இறக்கிவிட்ட விடியற்காலை. பனிமூட்டம். பின்னால் பொலிஸ் நாய்கள் குரைத்தன. முன்னால் ஒரே சீராக மரங்கள். எங்கள் ஊரில் மரம் அப்படி நின்றால் அது வேலி. உயிருள்ள தடிகளைக் கதியாலாக நட்டு, இடையில் ஓலை கட்டுவோம். வேலிக்குப் பின்னால் வளவு இருக்கும், வளவுக்குள் வீடு இருக்கும். வீட்டுக்காரரிடம் கெஞ்சலாம் என்று ஓடிப்போய் இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்தேன். மரங்களுக்குப் பின்னால் வீடில்லை, ஆறு; விழுந்துவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. கையில் அகப்பட்ட வேரைப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில், நாய்ச் சத்தம் அடங்கும்வரை கிடந்தேன்.

நடந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நோர்பரியில் மரம் வெட்டும் தொழில் செய்யும் ஊர்க்கார அண்ணை ஒருவர். வெம்பிளிப் பக்கம் கால்வாய்க்கரையில் பொப்லர் மரங்களில் கிளை கழிக்க வேண்டும், வெட்டின கிளையைக் கட்டி இறக்க, கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் செய்துவந்த சமையலறை வேலை போய்விட்டது. மனோர் பார்க்கில் படுக்க இடம் தந்தவர்கள், இந்தக் கிழமைக்குள் வேலை எடு, இல்லாவிட்டால் வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எனக்குப் பயம் என்றேன்.

"மரத்துக்கோ, தண்ணிக்கோ?"

"ரெண்டுக்கும், அண்ணை."

"அப்ப நல்லது. பயந்தவன் கயித்தை விடமாட்டான். விடிய ஸ்டேசனடியில நில்."

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் மரங்களுக்கிடையே தலையை நீட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான். இரண்டடி பின்வாங்கினேன். அண்ணை மரம் அறுக்கும் வாளோடு மேலே ஏறிவிட்டார். கயிற்றை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, புடைத்திருந்த வேரில் காலை ஊன்றினேன். முதல் கிளையின் பாரம் கயிற்றில் இறங்கியது.