சாயம் போன மீன்கள்

மராத்தி ஊரான போபோடிக்குக் குடிவந்த புதிதில் எனக்குப் பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. இந்தி தெரியாது, மராத்தியும் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் துவைக்கிற கல். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று மாநகராட்சி ஆட்கள் தொட்டியில் கப்பி மீன்களை விட்டிருந்தார்கள். விரல்நுனி அளவுதான். பெண் மீன்கள் சாம்பல் நிறம். ஆண் மீன்களுக்குச் சிவப்பு வால், குங்குமம் நீரில் கரைகிற மாதிரி விரியும். என் வீட்டுக்காரர் ஃபேக்டரிக்குப் போனதும் அங்கேதான் குனிந்து நிற்பேன். வானமும் அதில் கிடக்கும். மேகத்துக்குள் சிவப்பு வால்கள் போய் வரும். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துவிடும்.

அடுத்த கோடையில் சிவப்பு குறைந்தது. குட்டிகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வளர்ந்த ஆண்கள் பலவும் பாசி நிறத்தில் இருந்தன. என் சோப்புத் தண்ணீர் தெறித்துத்தான் வெளுக்கிறது என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. துணியைத் தெருக்குழாய்க்குத் தூக்கிப் போனேன்.

"இன்னாமே, வீட்டாண்டயே கல்லு கீது, அங்க போயி தொவைக்கிற?"

"மீனுக்குச் சாயம் போவுதுங்க."

"மீனு இன்னா லுங்கியா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

நான் கல்லை விட்டுப் போன பிறகு சிவப்பு இன்னும் வேகமாகக் குறைந்தது. கடைசியில் மூன்றே மூன்று.

ஒரு மத்தியானம் ஜன்னலில் நின்றபோது துணிக்கொடியில் நீலமாக ஏதோ அசைந்தது. மீன்கொத்தி. நான் துவைக்கிற சத்தம்தான் அதுவரை அதைக் கொஞ்சம் விரட்டி வைத்திருந்தது போல. சட்டென்று தொட்டிக்குள் விழுந்து எழுந்தது. அலகில் சிவப்பு வால் துடித்தது. ஒட்டியே நீந்திய பாசி நிற மீன்களை அது சட்டை செய்யவில்லை.

அப்போதுதான் புரிந்தது. எந்த மீனும் வெளுக்கவில்லை. சிவந்தவை போய்விட்டன. கண்ணில் படாதவை மிஞ்சி, தங்கள் சாயலில் குட்டி பெற்றிருக்கின்றன. யாரும் சொல்லி நடந்ததில்லை.

இருக்கிற இரண்டு சிவப்பையாவது காப்பாற்றவேண்டும். பழைய நைலான் புடவையைத் தொட்டிமேல் விரித்தேன். பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பெண்மணி பார்த்துவிட்டாள். தாயி என்பார்கள் அவளை, அக்கா என்று அர்த்தம்.

"அரே, மச்லி கோ பீ கூங்கட்!"

மீனுக்கும் முக்காடா என்கிறாள். எனக்கு முகம் எரிந்தது. கொடியில் இருந்த பறவையைக் காட்டி, "வோ... காதா ஹை" என்றேன். அது தின்கிறது. நான் பேசிய முதல் இந்தி அதுதான். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, புடவையின் நான்கு முனைக்கும் கல் கொண்டுவந்து வைத்தாள்.

மீன்கொத்தி சில நாள் கொடியில் காத்திருந்துவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டது. பாவம், அதற்கும் பசிதானே.

நான் பழையபடி கல்லுக்கே வந்தேன். மழை வந்தது, போனது. ஒரு காலை புடவை முனையைத் தூக்கினேன். உள்ளே மங்கிய பச்சை வெளிச்சம். அதில் சின்னச் சின்னச் சிவப்புகள். எண்ண முடியவில்லை, ஓடிக்கொண்டே இருந்தன.

"தாயீ!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.